படித்துக்கொண்டே சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப் செய்ய முடியுமா?

கடலூர் முதுநகரிலிருந்து தினமும் பாண்டிக்கு பஸ்ஸில் வந்து பி.காம். இரண்டாம் ஆண்டு படிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வாரத்தில் சில மணி நேரம் மட்டும், சம்பளத்தோடு ஒரு இன்டர்ன்ஷிப் கிடைக்குமா என்பது உங்கள் கேள்வி. ஒரு நிறுவனம் ஆறு மாதம் சம்பளம் இல்லாமல் வரச் சொல்கிறது, முடிவில் சான்றிதழுக்கு 1,500 ரூபாய் கட்டச் சொல்கிறது, சேரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி: "அப்பாவிடம் பஸ் காசு கேட்கவே கூச்சமாக இருக்கிறது." எனக்கு அந்த வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. படிப்பு கெடக் கூடாது, கைச்செலவுக்கு வீட்டை எதிர்பார்க்கக் கூடாது, பட்டம் வாங்கும்போது ஒரு வேலையாவது தெரிந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒன்றாக நடக்குமா என்று கேட்கிறீர்கள். நடக்கும். ஆனால் விளம்பரம் பார்த்துக் காத்திருந்தால் நடப்பது அபூர்வம்.

முதலில் அந்த நிறுவனத்தை முடித்துவிடுவோம். வேண்டாம். வேலைக்கு ஆள் எடுப்பவர் அந்த ஆளிடமே காசு கேட்டால், பதிவுக் கட்டணமோ, டெபாசிட்டோ, சான்றிதழ் கட்டணமோ, பெயர் எதுவானாலும், அங்கே நடப்பது வியாபாரம். சரக்கு சான்றிதழ், வாடிக்கையாளர் நீங்கள். வாரம் 15 மணி நேரம் என்று வைத்தாலும் ஆறு மாதத்தில் 390 மணி நேரம் உங்களிடமிருந்து போகிறது, பஸ் காசு தனி. அவ்வளவும் கொடுத்துவிட்டு 1,500 ரூபாயும் கட்டி வாங்குகிற காகிதத்தை நேர்காணலில் யாரும் இரண்டு நொடிக்கு மேல் பார்க்க மாட்டார்கள். "என்ன வேலை செய்தாய்?" என்றுதான் கேட்பார்கள்.

நான் கடலூரில் ஒரு கல்லூரியில் 14 ஆண்டுகள் வணிகவியல் நடத்தினேன். அதில் 6 ஆண்டுகள் பிளேஸ்மெண்ட் பொறுப்பும் என்னிடம் இருந்தது. கடந்த 9 ஆண்டுகளாகப் பாண்டியில் சின்னதாக ஒரு கணக்கு அலுவலகம் வைத்திருக்கிறேன். ஆண்டுக்கு இரண்டு மாணவர்களைப் பகுதிநேரமாக எடுக்கிறேன். ஆகவே இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவன். வணிகவியல், கலைப் படிப்புகள், சின்னத் தொழில்கள் பற்றி நான் சொல்வதை நம்பலாம். கோடிங், டிசைன் போன்றவை எனக்கு மாணவர்கள் வந்து சொன்ன அளவுக்குத்தான் தெரியும், அதனால் அங்கே அதிகம் பேசப் போவதில்லை. அப்புறம், கீழே எது விதி, எது என் அனுபவம் என்று பிரித்தே சொல்கிறேன். அனுபவம் ஊருக்கு ஊர் மாறும்.

விதி என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை இவை. இன்டர்ன்ஷிப் என்ற ஒரே பெயரில் நாலு வேறு விஷயங்கள் புழங்குகின்றன, குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஒன்று அப்ரண்டிஸ் பயிற்சி. இது 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் வருவது. 2014 திருத்தத்துக்குப் பிறகு பி.ஏ., பி.காம். போன்ற பட்டதாரிகளுக்கும் இது திறந்தது. 2019 திருத்தத்தில் பட்டதாரிகளுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தார்கள். நெய்வேலி என்எல்சி ஆண்டுதோறும் ஆள் எடுப்பது இந்தச் சட்டப்படிதான். ஆனால் பட்டதாரி அப்ரண்டிஸ் என்பது பட்டம் வாங்கிய பிறகு, முழுநேரமாகச் செய்வது. இரண்டாம் ஆண்டு மாணவிக்கு இப்போது பயன்படாது. இரண்டாவது, பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம். உங்கள் தோழி இதற்கு விண்ணப்பிக்கச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 2024 அக்டோபரில் தொடங்கியபோது வைத்த விதிப்படி 12 மாதப் பயிற்சி, மாதம் 5,000 ரூபாய், சேரும்போது ஒருமுறை 6,000 ரூபாய். வயது 21 முதல் 24 வரை. முழுநேரப் படிப்பில் இருப்பவர்கள் சேர முடியாது, தொலைதூரக் கல்வியில் படிப்பவர்கள் சேரலாம். தினமும் கல்லூரிக்குப் போகும் உங்களுக்கு அந்த விதிப்படி இடமில்லை. விண்ணப்பிக்காமல் விட்டோமே என்று வருந்த வேண்டாம்.

மூன்றாவது, பாடத்திட்டத்திலேயே வரும் இன்டர்ன்ஷிப். பல்கலைக்கழக மானியக் குழுவின் வழிகாட்டுதல், மூன்றாண்டுப் பட்டப் படிப்பில் நான்காம் செமஸ்டருக்குப் பிறகு 60 முதல் 120 மணி நேரம் வரை என்கிறது. ஒரு கிரெடிட்டுக்கு, அதாவது பட்டத்துக்குச் சேரும் ஒரு பாட அலகுக்கு, 30 மணி நேரம் கணக்கு. இதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் பாடத்திட்டத்தில் வேறு மாதிரி வைத்திருக்கிறது. அதனால் உங்கள் துறைத் தலைவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நானே பார்த்துச் சேர்ந்த இடத்தை கிரெடிட்டுக்குக் கணக்கில் எடுப்பீர்களா, அதற்கு முன்கூட்டியே எந்தக் கடிதம் வேண்டும்?" முன்கூட்டியே என்பது முக்கியம். வேலையை முடித்துவிட்டு வந்து கேட்டு, "பர்மிஷன் லெட்டர் இல்லையேம்மா" என்ற பதிலோடு திரும்பிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சரியாகச் செய்தால் வாரம் பத்து மணி நேரம், பன்னிரண்டு வாரம், 120 மணி நேரம் முடிந்தது. சம்பளமும் வந்தது, கிரெடிட்டும் வந்தது.

நாலாவதுதான் நீங்கள் தேடுவது: ஒரு சின்ன நிறுவனமும் நீங்களும் பேசி முடிவு செய்துகொள்ளும் பகுதிநேர வேலை. இதற்கென்று நம் நாட்டில் தனிச்சட்டம் இல்லை. இன்டர்னுக்கு இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சொல்லும் விதியும் இல்லை. பெயருக்கு இன்டர்ன் என்று வைத்துக்கொண்டு கடை ஊழியர் செய்கிற வேலையை முழுக்க வாங்கினால், தொழிலாளர் துறை பெயரைப் பார்க்குமா வேலையின் தன்மையைப் பார்க்குமா என்பது வாதத்துக்கு உரியது. வேலையின் தன்மையைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் இரண்டு மாதச் சம்பள பாக்கிக்காக ஒரு மாணவி அந்த வழக்கை நடத்திக்கொண்டிருக்க முடியாது. அதனால்தான் எல்லாவற்றையும் முதல் நாளே பேசிவிடச் சொல்கிறேன், அதைக் கீழே எழுதுகிறேன். இன்னொன்று, வேலை செய்யும் இடம் எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அந்த ஊர் அதிகாரிதான் கேட்க முடியும். முள்ளோடையைத் தாண்டினால் தமிழ்நாடு என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டம் என்பது அங்கே வேலைக்குப் போகிற பிள்ளைகள் பலருக்குத் தெரிவதில்லை.

இனி என் அனுபவம். இதில்தான் நான் உறுதியாக நிற்கும் ஒரு விஷயம் இருக்கிறது: சம்பளம் கொடுப்பவர்தான் வேலையும் கற்றுக்கொடுப்பார். "முதலில் கற்றுக்கொள், காசு பிறகு" என்று நல்ல மனதோடு சொல்கிற பெரியவர்களும் இருக்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்தது நேர் எதிர். பிளேஸ்மெண்ட் பொறுப்பில் இருந்த மூன்றாவது ஆண்டு, டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று சொல்லிக்கொண்டு ஒரு நிறுவனம் வந்தது. இரண்டு மாதம், சம்பளம் கிடையாது, பயிற்சி உண்டு என்றார்கள். நம்பி பதினொரு பேரை அனுப்பினேன். அங்கே அவர்கள் செய்தது, கையில் கொடுத்த பட்டியலில் இருந்த எண்களுக்கெல்லாம் போன் போட்டு ஏதோ ஒரு கோர்ஸை விற்றது. இரண்டு மாதமும் அதுதான். திரும்பி வந்த ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: "சார், ஒன்னே ஒன்னு கத்துக்கிட்டேன். அவங்க போனை வைக்கிறதுக்குள்ள பேசி முடிக்கணும்." என் கையெழுத்திட்ட கடிதத்தை எடுத்துக்கொண்டு போனவர்கள் அவர்கள். இப்போது நினைத்தாலும் எனக்கு வலிக்கிறது. அந்த நிறுவனத்துக்கு அந்தப் பதினொரு பேரால் ஒரு பைசா செலவில்லை. செலவில்லாத ஆளுக்கு யாரும் நேரம் ஒதுக்குவதில்லை.

என் அலுவலகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் 12 மணி நேரத்துக்கு மாதம் 4,000 ரூபாய் கொடுக்கிறேன். மணிக்கு 77 ரூபாய் போல வருகிறது. பெரிய தொகை இல்லை, எனக்கும் தெரியும். ஆனால் அந்த 4,000 போகிறது என்பதால்தான், சேர்ந்த முதல் வாரமே நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறேன். வகுப்பில் ஜிஎஸ்டி படித்துவிட்டுத்தான் வருவார்கள். மாநிலத்துக்குள் விற்றால் மத்திய அரசின் பங்கான சிஜிஎஸ்டியும் மாநிலத்தின் பங்கான எஸ்ஜிஎஸ்டியும், மாநிலம் தாண்டினால் இரண்டும் சேர்ந்த ஐஜிஎஸ்டி என்று தேர்வில் எழுதி மார்க்கும் வாங்கியிருப்பார்கள். ஆனால் கடலூர் மொத்த வியாபாரி பாண்டிக் கடைக்குப் போட்ட பில்லைக் கொடுத்தால், பத்தில் ஒன்பது பேர் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்து ஏற்றுவார்கள். கேட்டால், "கடலூர்தானே சார், பக்கத்துல." அவர்கள் தினமும் போய்வரும் ஒரு மணி நேரப் பயணம், அது மாநிலம் தாண்டுகிறது என்று மனதுக்குத் தோன்றுவதே இல்லை. பில்லில் இருக்கும் பதிவு எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பார், 33 என்றால் தமிழ்நாடு, 34 என்றால் புதுச்சேரி என்று காட்டிக்கொடுத்தால் அன்றைக்கே பிடித்துக்கொள்வார்கள். அதன் பிறகு தப்புவதில்லை. இதை நான் சொல்லிக்கொடுக்காவிட்டால் தவறான கணக்கு போய் வாடிக்கையாளர் என்னைத்தான் திட்டுவார். அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதில் என் சொந்த நலன் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது அப்படிப்பட்ட இடம்தான்.

அப்படிப்பட்ட இடம் எங்கே என்றால், பில் குவிந்து கிடக்கும் ஒவ்வொரு சின்ன அலுவலகமும்தான். ஆடிட்டர் ஆபீஸ், ஜிஎஸ்டி கணக்கு பார்ப்பவர்கள், மருந்து மொத்த வியாபாரிகள், தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளில் இருக்கும் சின்னப் பட்டறைகள், கடலூர் பக்கம் என்றால் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் கடைகள். இவர்கள் யாரும் இணையத்தில் விளம்பரம் போடுவதில்லை. "ஒரு ஆள் இருந்தா தேவலை, ஆனா முழுச் சம்பளம் கட்டுபடியாகாது" என்று இருப்பவர்கள். வாரம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு மாணவி கிடைப்பாள் என்ற யோசனையே அவர்களுக்கு வந்திருக்காது. நீங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

பண்ருட்டிப் பக்கத்து மாணவர் ஒருவர் இப்படித்தான் ஒரு முந்திரி வியாபாரியிடம் சேர்ந்தார். அவர் அப்பாவுக்குத் தெரிந்தவர், சனிக்கிழமை மட்டும் வேலை. முதல் மாதம் வெறும் கொள்முதல் பில் எழுதினார். முந்திரிப் பருப்பில் டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று தரம் உண்டு. ஒரு பவுண்டு எடையில் எத்தனை பருப்பு நிற்கும் என்பதை வைத்து வரும் எண் அது. எண் கூடக் கூடப் பருப்பு சின்னது, விலையும் குறைவு. உடைந்த பருப்புக்கு வேறு கணக்கு. வியாபாரி இதையெல்லாம் மனதிலேயே வைத்திருந்தார். இவர் எக்ஸெல்லில் தரம் வாரியாக இருப்புக் கணக்கு போட்டுக் கொடுத்தார். எந்தத் தரம் தேங்குகிறது, எது ஓடுகிறது என்று முதல் தடவையாகக் காகிதத்தில் பார்த்த வியாபாரி, அடுத்த மாதமே தானாகவே காசைக் கூட்டிக் கொடுத்தார். பையன் வேலைக்கு நேர்காணல் போனபோது, ஆப்பிரிக்காவிலிருந்து வருகிற பச்சைக் கொட்டையிலிருந்து பாக்கெட் போடும் வரை செலவு எங்கெங்கே ஏறுகிறது என்று பத்து நிமிடம் பேசினாராம். காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தை அவருக்கு அந்தக் கிடங்குதான் திறந்து காட்டியது.

வரலாறோ தமிழோ பிரெஞ்சோ படிக்கும் உங்கள் தோழிகளுக்கும் ஒரு வார்த்தை. பாண்டியில் 1955 முதல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்கே உள்ள சைவ ஓலைச்சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. இப்படிப்பட்ட இடங்களில் எப்போதும் இடமும் பணமும் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்டுப் பார்க்காமலே, "ஆர்ட்ஸ் படிச்சா இன்டர்ன்ஷிப் கிடைக்காது" என்று முடிவு கட்டுவது தவறு. ஹோட்டல், கஃபே வேலையும் அப்படித்தான். டிசம்பர், ஜனவரியிலும் சனி ஞாயிறுகளிலும் ஒயிட் டவுன் பக்கம் ஆள் தேவை அதிகம். பில் கவுன்டரில் மட்டும் நிறுத்தினால் அது பகுதிநேர வேலை, அதுவும் மரியாதையான வேலைதான். சரக்குக் கணக்கையும் வாராந்திர விற்பனைக் கணக்கையும் நீங்கள் பார்க்க ஒப்புக்கொண்டால் அது உங்கள் படிப்போடு சேர்ந்த இன்டர்ன்ஷிப் ஆகிவிடும்.

நேரத்தைப் பற்றி. செமஸ்டர் நடக்கும்போது வாரம் 12 மணி நேரத்துக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வு எழுதுவதே கேள்வியாகிவிடும், எந்த இன்டர்ன்ஷிப்பும் அதற்கு ஈடில்லை. உங்களுக்கு வந்துபோக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்பதால், மாலையில் இரண்டு இரண்டு மணி நேரமாக ஆறு நாள் என்ற ஏற்பாடு வேண்டவே வேண்டாம். உடம்பு தாங்காது. வார நாளில் இரண்டு மாலை, அப்புறம் ஒரு முழுச் சனிக்கிழமை என்று கேளுங்கள். இடம் தேடும்போதும் உங்கள் பஸ் போகும் பாதையிலேயே தேடுங்கள். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் எல்லாம் வழியில்தான் இருக்கின்றன. வேலை முடிந்து அங்கேயே பஸ் ஏறிவிடலாம், திரும்பப் பாண்டி பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டியதில்லை. சனிக்கிழமை வேலையை மட்டும் கடலூரிலேயே பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

போய்க் கேட்பது எப்படி என்றுதான் எல்லோருக்கும் தயக்கம். ரெஸ்யூமேயை மட்டும் நீட்டாதீர்கள். இரண்டாம் ஆண்டு மாணவியின் ரெஸ்யூமேயில் என்ன இருந்துவிடப் போகிறது? அதற்குப் பதில் செய்து முடித்த ஒரு வேலையைக் கொண்டு போங்கள். வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடையில் ஒரு மாத பில்களைக் கேட்டு வாங்கி, எக்ஸெல்லில் ஏற்றி, கொள்முதல், விற்பனை, வரி மூன்றையும் பிரித்து ஒரு பக்கத்தில் சுருக்கம் எடுங்கள். கடைக்காரர் பெயரை மறைத்துவிடுங்கள். என்னிடம் வருபவர்கள் அப்படி ஒரு காகிதத்தைக் காட்டினால், வேறு எதையும் நான் பார்ப்பதில்லை. பேச்சும் சுருக்கமாக இருக்கட்டும்: "சார், நான் பி.காம். இரண்டாம் ஆண்டு. வாரத்தில் இரண்டு மாலையும் சனிக்கிழமையும் வர முடியும். பில் என்ட்ரியும் பேங்க் ஸ்டேட்மெண்ட் சரிபார்ப்பதும் எனக்குத் தெரியும். டாலி கணக்கு சாஃப்ட்வேர் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்." சம்பளத்தை அவர் சொல்லட்டும். அவர் சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்: "பஸ் செலவு போக மாதம் 3,000 ஆவது நிற்கணும் சார்." இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பத்து இடத்தில் கேட்டால் ஏழு இடத்தில் இல்லை என்பார்கள், ஒரு இடத்தில் பிறகு வா என்பார்கள், அது இயல்பு. முழுநேர அப்ரண்டிஸுக்கே 9,000 தானே, உனக்குக் கால்வாசி போதும் என்று யாராவது கணக்குப் போட்டால், அது ஒரு சட்டத்தின் அடிமட்டத் தொகை, அதை வைத்துப் பகுதிநேர வேலைக்கு விலை போட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஒப்புக்கொண்ட அன்றைக்கே, பேசியதை வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பிவிடுங்கள். ஆஃபர் லெட்டர் கேட்டால் சின்ன முதலாளிகள் மிரண்டுவிடுவார்கள், செய்திக்கு மிரள மாட்டார்கள். எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது, வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி, மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில் கிடைக்கும், இன்டர்னல் தேர்வு, செமஸ்டர் தேர்வு நாட்களில் விடுப்பு, யாரிடம் வேலை கற்றுக்கொள்வீர்கள், முடிவில் செய்த வேலையைக் குறிப்பிட்டு ஒரு கடிதம். இவ்வளவையும் எழுதி, "நாம் பேசியது சரிதானே சார்?" என்று கேளுங்கள். அவர் "சரி" என்று பதில் போட்டால் போதும். நாளைக்குத் தகராறு வந்தால் இந்தச் செய்தி உங்களுக்குக் கைகொடுக்கும். ஆனால் என் அனுபவத்தில் இதன் பெரிய பயன் வேறு: தேதி எழுத்தில் இருந்தால் அவரே மறக்காமல் கொடுத்துவிடுவார். ஒரு மாதச் சம்பளம் பதினைந்து நாள் தள்ளிப்போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது மாதமும் போனால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அசல் மார்க் ஷீட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் போதும். இவ்வளவு மாதம் இருந்தாக வேண்டும், நடுவில் போனால் பணம் கட்ட வேண்டும் என்ற காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் பேங்க் கணக்கில் பணம் போட்டு வேறொருவருக்கு அனுப்பச் சொன்னால், ஏடிஎம் கார்டையோ சிம்மையோ கேட்டால், அந்த நிமிடமே விலகிவிடுங்கள். மோசடிப் பணம் அப்படித்தான் மாணவர்கள் கணக்கு வழியாகப் போகிறது, போலீஸ் முதலில் வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வீட்டுக்கு. டெலிகிராமில் ஹோட்டலுக்கு ஸ்டார் போட்டால் காசு என்பதும் அதே வகை. முதலில் கொஞ்சம் கொடுத்து, பிறகு உங்களிடமிருந்து வாங்குவார்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930 எண்ணுக்கு போன் செய்யுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் இன்னொரு கணக்குக்கு நகர்ந்துகொண்டிருக்கும்.

பெண் பிள்ளை என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். வேலை இடத்துப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், பயிற்சிக்கு வந்தவர்களையும் சேர்த்தே பாதுகாக்கிறது. "நீ ஸ்டாஃப் இல்லையே" என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். நீங்கள் போகப் போவது பெரும்பாலும் மூன்று நாலு பேர் இருக்கும் இடம். அங்கிருந்து புகார் வந்தால் மாவட்ட அளவில் இருக்கும் குழு வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இதெல்லாம் சட்டம். என் பங்குக்கு நான் சொல்வது: சேர்வதற்கு முன் ஒரு தடவை அம்மாவையோ அண்ணனையோ கூட்டிக்கொண்டு போய் இடத்தைப் பாருங்கள். நல்ல முதலாளி இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். நான் எடுக்கும் பிள்ளைகளின் வீட்டிலிருந்து யாராவது வந்து பார்த்துவிட்டுப் போகும்படி நானே கேட்பேன். மாலை ஏழு மணிக்கு மேல் யாரையும் உட்கார வைப்பதில்லை.

வரி பற்றி இரண்டு வரி. மாதம் மூன்று நாலாயிரத்துக்கு நீங்கள் வருமான வரி கட்ட வேண்டி வராது. ஆனால் கொஞ்சம் பெரிய நிறுவனம் என்றால் தொழில்முறைக் கட்டணம் என்று காட்டி 10 சதவீதம் பிடிப்பது உண்டு. பான் எண் கொடுத்து, ஆண்டு முடிவில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் அந்தப் பணம் திரும்ப வந்துவிடும். அதை நீங்களே செய்து பாருங்கள், பி.காம். மாணவிக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

எப்போது கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். கணக்கு அலுவலகங்களுக்கு மாதத்தில் இரண்டு தேதிகள் உண்டு. 11ஆம் தேதி ஜிஎஸ்டி விற்பனை விவரம் போக வேண்டும், 20ஆம் தேதி ஜிஎஸ்டி வரிக் கணக்கு போக வேண்டும். அந்த நாட்களில் போய் நின்றால் நல்ல மனிதர்கூட முகம் பார்த்துப் பேச மாட்டார். 21, 22ஆம் தேதி போல, காலை பதினொரு மணி வாக்கில் போங்கள். அப்போதுதான் அவர் டீயைக் குடித்துக்கொண்டே, போன மாதம் முடியாமல் கிடக்கும் பில் கட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.